பேசுவதற்கு முன்னால் ஆளுக்கொரு சீட்டு

ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பார்களா, திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் உழவர் குழுவில் கூடிப் பேசும்போது, ஊர்ப் பெரியவர் முதலில் வாய் திறந்து "குறுவைக்கு நாத்து விட்டுடலாம்" என்றால் முடிந்தது கதை, மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அவர்களுக்குக் கருத்து இல்லாமல் இல்லை, மாற்றிச் சொல்லத் தயக்கம். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனையில், கண்ணெதிரே தெரியும் கோட்டின் நீளத்தையே, கூட இருந்தவர்கள் தப்பாகச் சொன்னதால் பலரும் தப்பாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் துணைக்கு உண்மையைச் சொன்னபோது அப்படித் தப்பாகச் சொல்வது வெகுவாகக் குறைந்தது.

அதனால் பேச்சுக்கு முன் ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள். தண்ணீர் எந்தத் தேதிக்குள் வரும், நூற்றுக்கு எவ்வளவு நம்பிக்கை, இவ்வளவுதான், பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் உரக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள், மூத்தவர் கடைசியில். ஒருவர் ஜூலை என்றும் இன்னொருவர் ஆகஸ்ட் என்றும் எழுதியிருந்தால் அந்த வித்தியாசத்தைத்தான் முதலில் கிளற வேண்டும், போர்வெல் வைத்திருப்பவர் கணக்கு வேறு, வாய்க்காலை மட்டும் நம்பியிருப்பவர் கணக்கு வேறு என்பது அப்போதுதான் வெளியே வரும். எழுதத் தெரியாதவரிடம் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தினமும் மதகடியில் நிற்பவர் அவராகவும் இருக்கலாம்.