கிண்ணக் காளானை வித்தின் சுவரைக் கொண்டு இனம் காண்பது எப்படி?

கொடைக்கானல் சோலைகளில் மழைக்காலத்தில் மட்கிய கிளைகளின்மேல் தோன்றும் கிண்ணக் காளான்களை, நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் நம்பி வகைப்படுத்துவது பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடியும். மைக்ராஸ்கோப்பில் வித்தின் (ஸ்போர்) சுவரைப் பார்த்தாக வேண்டும். அச்சுவர் எவ்வாறு உருவாகிறது என்று அறிந்தால்தான் பார்ப்பதற்குப் பொருள் உண்டு. ஆஸ்கஸ் என்னும் பையினுள் பெரும்பாலும் எட்டு வித்துகள் உருவாகின்றன; ஒவ்வொன்றையும் சூழும் இரு சவ்வுகளுக்கிடையே முதலில் வழவழப்பான சுவர் படிகிறது. அதன் பிறகே, பையில் எஞ்சிய புரோட்டோபிளாசத்திலிருந்து வரும் பொருள் அச்சுவரின் வெளிப்புறத்தில் திரண்டு, பருக்களாகவோ வரிகளாகவோ வலையாகவோ இறுகுகிறது. ஆகவே, பருக்கள் உடைய இனத்திலும் இளம் வித்து வழவழப்பாகவே இருக்கும்.

முதிர்ந்த வித்துகளைப் பெற, புதிய கிண்ணத்தை உட்பக்கம் கீழே இருக்குமாறு ஸ்லைடின்மேல் கவிழ்த்து, ஈரத்தாள் இட்ட மூடிய டப்பாவில் ஓரிரவு வையுங்கள். தானாக வெளியேறியவற்றையே அளவிட வேண்டும்; நசுக்கி எடுத்தால் இளையவையும் கலந்துவிடும். (காப்புக்காட்டில் சேகரிக்க வனத்துறையின் அனுமதி தேவை.)

முதலில் வெறும் தண்ணீரில் பார்த்து, வித்தினுள் உள்ள எண்ணெய்த் துளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வரைந்துகொள்ளுங்கள். அடுத்துச் சேர்க்கும் அமிலம் அவற்றைக் குலைத்துவிடும். பின்பு லாக்டிக் அமிலத்தில் கரைத்த காட்டன் புளூ என்னும் நீலச் சாயம் ஒரு சொட்டு இட்டு, கொதிக்காமல் இளஞ்சூடாக்கி, எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸில் நோக்குங்கள். வித்தின் மேற்பரப்பிலும் விளிம்பிலும் மாறிமாறிக் குவியத்தை நிறுத்த வேண்டும், ஏனெனில் விளிம்பில் பருப்போல் தெரிவது மேலிருந்து பார்க்கையில் நீண்ட வரியாக இருக்கலாம்.

பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் லே கால் 1947-இல் இந்த மேற்பரப்பு வடிவங்களை விரிவாக ஆராய்ந்தார். ஆரஞ்சு நிற அலூரியா ஆரான்ஷியாவில் வலைப்பின்னலும், வித்தின் இரு முனைகளிலும் நீட்டமும் தெரியும். விளிம்பில் கருமயிர் உள்ள ஸ்குட்டெல்லினியாவில் பெரும்பாலும் பருக்கள் இருக்கும். வெப்பமண்டலக் காடுகளின் குக்கீனாவில், பல இனங்களின் வித்துகள் நீளவாக்கில் மெல்லிய வரிகள் கொண்டவை. செந்நிறச் சார்கோசிஃபாவில் வித்து வழவழப்பானது.

பெசைசா என்னும் பேரினத்தை அடையாளம் காணச் சுவர் மட்டும் போதாது, ஏனெனில் வழவழப்பானவையும் பரு உள்ளவையும் அப்பேரினத்தில் உண்டு. அங்கே லூகால் அயோடின் கரைசலை இடுங்கள். ஆஸ்கஸின் நுனி நீலமானால் அது பெசைசாவாக இருக்கலாம்; அதற்குப் பின்பு வித்தின் பருக்களை வைத்து இனத்தைப் பிரிக்கலாம்.