மெருகை மறைக்காதீர்கள்: சிற்பங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கும்போது வரும் தவறுகள்

கை ஆடியது, ஃபோகஸ் தவறியது போன்றவற்றை முதல் சுருளிலேயே அவரவரே கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே இருப்பவை நெகட்டிவைக் கழுவித் தொங்கவிட்ட பிறகு தெரியவரும் தவறுகள். அதற்குள் கண்காட்சி முடிந்து சிற்பம் பெட்டிக்குள் போயிருக்கும்.

வெள்ளையைச் சாம்பலாக்குவது

பிளாஸ்டரோ பளிங்கோ, எதைக் காட்டினாலும் ஒளியளக்கும் மீட்டர் அதை நடுச்சாம்பலாகவே கணக்கிடும். அது சொன்னபடி எடுத்தால் சிற்பம் அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். ஒளி படும் பக்கத்தை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளப்பது) அளந்து ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள்; ஒரு ஸ்டாப் கூட்டினால் ஃபிலிமில் விழும் ஒளி இரட்டிப்பாகும். உச்சி வெயிலில் பிளாஸ்டரைத் தொடவே வேண்டாம். சிற்பி ரோதான் பிளாஸ்டரில் செய்த எழுத்தாளர் பால்சாக்கின் சிலையை 1908இல் புகைப்படக் கலைஞர் ஸ்டைக்கன் நிலவொளியில்தான் எடுத்தார். ஒவ்வொரு எக்ஸ்போஷரும் கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை.

மங்கிய ஒளியில் ஃபிலிமின் உணர்திறன் குறையும் என்பதையும் மறக்காதீர்கள். எச்பி5 பிளஸ் ஃபிலிமில் மீட்டர் 10 விநாடி என்றால் 20 கொடுங்கள். 30 என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம்.

வெண்கலத்தின் பளபளப்பை அழிப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது. மெருகேற்றிய வெண்கலத்தின் முன் நின்றதும் புதியவர் கை போலரைசரை, அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்ட்டரைத் தேடும். கண்ணாடியிலும் தண்ணீரிலும் அது கைகொடுக்கும். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் போலரைஸ் ஆவதில்லை; எவ்வளவு சுழற்றினாலும் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போவதுதான் மிச்சம். அடுத்து விளக்குக்கும் ஒரு போலரைசர் ஷீட் கட்டுவார். இப்போது பளபளப்பு மொத்தமும் போய், வெண்கலம் கரிபிடித்த சட்டி மாதிரி ஆகிவிடும்.

அதற்கும் மேலே போய் சிலர் பளபளப்பை மங்கவைக்கும் டல்லிங் ஸ்ப்ரே அடிக்கிறார்கள், பவுடர் தட்டுகிறார்கள். அதைத் துடைக்கும்போது மெருகில் மயிரிழைக் கீறல் விழும். மேலே லாக்கர் பூச்சு இருந்தால் அதுவும் கெடும். சீர்செய்யும் செலவு எடுத்தவர் தலையில்தான் விடியும்.

மெருகு வெண்கலத்தைக் கண்ணாடி என்றே நினையுங்கள். எதிரில் இருப்பதுதான் அதில் தெரியும். ஒரு பக்கம் ஆள் உயர வெள்ளைத் துணி கட்டி (பழைய வேட்டியே போதும்) விளக்கை அந்தத் துணிமேல் அடியுங்கள். மறுபக்கம் ஓரம் பின்னணியோடு கரைகிற இடத்தில் 10 செ.மீ. அகலக் கறுப்பு அட்டையை நிறுத்துங்கள், ஓரக்கோடு எழுந்துவரும். டிரைபாட் உள்ளே தெரிந்தால், லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்புத் துணியை முன்னால் தொங்கவிடுங்கள். வெண்கலத்தில் தெரியும் துணியை அளந்து இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். கடைசியில் சின்ன விளக்கால் ஒரே ஒரு ஒளிப்பொறி வையுங்கள். நெகட்டிவில் அது விவரமில்லாமல் அடைத்துப்போனால் போகட்டும்.

புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த, குறையே சொல்ல முடியாத தன் பளிங்குச் சிற்பப் படம் ஒன்றை சிற்பி பிரான்குசி இன்னொரு புகைப்படக் கலைஞரான மான் ரேயிடம் காட்டி, அழகான படம், ஆனால் என் சிற்பம் இதில் இல்லை என்றாராம். பிறகு மான் ரே துணையோடு கேமரா வாங்கி, பாரிஸ் பட்டறையின் மூலையில் இருட்டறை அமைத்துத் தானே எடுத்தார். ஃபோகஸ் இல்லை, கீறல், புள்ளி. ஆனால் பொன்னிறப் பறவை ஒன்றின்மேல் வெயில் பட்டு ஒளி வெடித்துச் சிதறுவதும் அந்தப் படங்களில்தான் இருக்கிறது. ஸ்ப்ரே அடித்திருந்தால் எது வெடித்திருக்கும்?

ஆர்த்தோ ஃபிலிமில் சிவப்பு ஃபில்ட்டர்

ஆர்த்தோ ஃபிலிம் சிவப்பொளியை உணராது. படமே வராது.

ஆர்த்தோவில் சுட்டமண்

கறுத்துப்போகும். பச்சைக் களிம்பேறிய வெண்கலத்துக்கு அதே ஃபிலிம் அருமை.

பீடத்தை வெட்டுவது

பிரான்குசி பீடங்களையும் தானே செதுக்கினார். ஃப்ரேமில் இருக்கட்டும்.

வைடு லென்ஸ்

4×5 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவில் 210 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். நெருங்கி எடுக்கும்போது பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே நீளும் மடிப்புக்கூடு) 300 மி.மீ. வரை நீண்டால் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கேமராவுக்குள் மீட்டர் கிடையாது, நீங்கள்தான் கணக்கிட வேண்டும்.