குழந்தைக்குத் தனிப்பந்தி: இளம் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவு ஆலோசனைக்கு வரும் இளம் பெற்றோர் குழந்தையின் எடையைப் பற்றியே பேசத் தொடங்குகிறார்கள், "நீங்கள் எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் திகைக்கிறார்கள். பாக்கெட் தின்பண்டமும் குளிர்பானமும் கெடுதல் என்பது அனைவரும் அறிந்ததே என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தனியாக ஊட்டி முடித்துவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் மாறாத, எனக்கு இன்றும் எரிச்சல் தருகிற தவறு இதுதான். மூன்று வயது மகள் பருப்புச் சாதத்தைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று ஒரு தாய் வந்தார். விசாரித்தபோது, மாலை ஏழு மணிக்கே சாதத்தைக் குழையப் பிசைந்து, செல்போனில் படம் ஓடவிட்டு அவர் ஊட்டி முடித்துவிடுவதும், கணவர் ஒன்பதரைக்கு வந்து தொலைக்காட்சி முன் சாப்பிடுவதும், கடைசியில் இவர் அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தை அள்ளிப் போட்டுக்கொள்வதும் தெரியவந்தது. அவரைக்காய்ப் பொரியலும் கீரைக் கூட்டும் தவறாமல் சமைக்கப்படும் அந்த வீட்டில், பெற்றோர் அவற்றை விரும்பி உண்பதைக் குழந்தை கண்டதே இல்லை.

இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு மிரள்வது இயல்பு. ஒரு காயை ஏற்கப் பத்துப் பதினைந்து முறைகூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். தான் நம்பும் ஒருவர் அதே காயை எதிரே உட்கார்ந்து மென்று விழுங்குவதைப் பார்க்கும்போது அந்த மிரட்சி குறைகிறது. ஒரு வேளையாவது, அது காலை இட்லியாக இருந்தாலும் சரி, சேர்ந்து உட்காருங்கள். உங்கள் தட்டில் இருப்பதையே சிறிது வைத்து, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். மறுமுறை வந்த அந்தத் தாய், மகள் தம் தட்டிலிருந்து ஒரு துண்டு அவரைக்காயை எடுத்து நக்கிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள் என்று வருத்தத்துடன் சொன்னார். அதுதான் நல்ல தொடக்கம் என்றேன்.

"கீரை சாப்பிட்டால் சாக்லேட்"

வேண்டாம், சாக்லேட் மீதான ஆசைதான் கூடும்.

ஓடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது

அமெரிக்காவில் 1991-இல் வெளியான ஃப்ராமிங்ஹாம் குழந்தைகள் ஆய்வில், 4 முதல் 7 வயதுக் குழந்தைகளின் உடலசைவும் அவர்களுடைய பெற்றோரின் உடலசைவும் கருவி கொண்டு அளக்கப்பட்டன. தாய், தந்தை இருவருமே சுறுசுறுப்பாக இருந்த வீடுகளில் குழந்தையும் அவ்வாறே இருக்கும் வாய்ப்பு, இருவருமே அசையாதிருந்த வீடுகளைக் காட்டிலும் 5.8 மடங்காக இருந்தது. மூன்று, நான்கு வயதினருக்கு உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவைப் பரிந்துரைக்கிறது. தெருமுனைக் கடைக்கு வண்டியை எடுக்காமல், கைபிடித்து நடத்திக் கூட்டிச் செல்லுங்கள்.

குழந்தையின் காதுபட உடலைப் பழிப்பது

"குண்டாகிவிட்டேன், எனக்குச் சோறு வேண்டாம்" என்ற பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள்.