பலாப் பலகையில் நீர்வர்ணம்: என் அனுபவம்

வெள்ளவத்தை வீட்டில் அம்மம்மாவின் பழைய அலுமாரியை உடைத்தபோது, பலாப் பலகைத் துண்டொன்றை எடுத்து வைத்தேன். அதில் கொழும்புக் கடற்கரையிலுள்ள காலிமுகத்திடலை நீர்வர்ணத்தில் வரைய ஆசை.

முதல் முயற்சி படுதோல்வி. வார்னிஷ் மேல் நிறம் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டது. சரி, வார்னிஷ் போகும்வரை சாண்ட்பேப்பரால் தேய்த்து, வெள்ளை ஜெஸ்ஸோ (நிறம் பிடிப்பதற்காக முதலில் பூசும் அடிப்பூச்சு) பூசினேன். மறுநாள் பார்த்தால் வெள்ளைக்குள் மஞ்சள் கறை! பலாக் கட்டையை அவித்துத்தானே பிக்குகளின் காவி உடைக்குச் சாயம் எடுத்தார்கள், அதை மறந்துபோனேன். ஜெஸ்ஸோவில் இருந்த நீர் மரத்தின் சாயத்தை மேலே இழுத்துவிட்டது.

மறுபடி சுரண்டினேன். இம்முறை மரத்தின் சாயம் மேலே வராமல் தடுக்க, நிறமற்ற அக்ரிலிக் மீடியத்தை (காய்ந்ததும் பிளாஸ்டிக் படலமாகும் திரவம்) முதலில் இரண்டு தடவை பூசி, நன்றாகக் காயவிட்டேன். கொழும்பின் ஈரக்காற்றுக்கு ஒரு நாள் போதாது, மூன்று நாள் பொறுத்தேன். அப்புறம் இரண்டு பங்கு ஜெஸ்ஸோவில் ஒரு பங்கு மெல்லிய சோக்குத்தூள் கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூன்று மெல்லிய பூச்சு. வெறும் ஜெஸ்ஸோ வழுக்கும். சோக்குத்தூள்தான் நீரை உறிஞ்சும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். உருளாமல் பரவி ஊறியது.

ஒரு குறை: கடதாசியைப் போல நிறம் உள்ளே பிடிக்காது, ஈரத் தூரிகை பட்டால் கிளம்பிவிடும். ஆகவே அடுக்கடுக்காகப் பூசாமல் ஒரே வீச்சில் வரைந்தேன். பாதுகாப்பு வார்னிஷையும் ஸ்பிரேயாகத்தான் அடித்தேன். தூரிகையால் பூசியிருந்தால் கடலும் வானமும் ஒன்றாகியிருக்கும்.