குடிநீர், பாதாளச் சாக்கடைத் திட்டங்கள்: கணக்கு சறுக்கும் இடங்கள்

ஓர் ஊருக்குப் புதிதாகக் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வரப்போகின்றன என்று கூட்டம் போட்டால், முதலில் எழும் கேள்வி "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கு வரும் பதிலை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்காரர் எதையும் தீர்மானிக்க முடியாது. என் வீட்டுக்கு மாதம் எவ்வளவு கட்டணம் வரும், எத்தனை ஆண்டுகளுக்கு வரும், பம்பு தேய்ந்துபோகும் நாளில் அதை மாற்றப் பணம் எங்கே இருக்கும் என்பவையே அவருக்குத் தெரிய வேண்டியவை. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் சொல்லாத திட்ட அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் அரைகுறைதான். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியதால் வந்தவை.

வரும் நீரை மட்டும் கணக்கில் எடுப்பது

குடிநீர்த் திட்டத்துக்கு எல்லோரும் கைதட்டுவார்கள். சாக்கடைத் திட்டத்தைத் திறந்துவைக்க யாருக்கும் ஆசை இருக்காது. அதனால் "முதலில் தண்ணீர் வரட்டும், சாக்கடை அடுத்த கட்டத்தில்" என்று முடிவெடுக்கிறார்கள். அடுத்த கட்டம் பத்து ஆண்டுகள் கழித்து வந்தாலும் வியப்பில்லை.

வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக வைக்கும் கணக்கு. குடத்தில் சுமந்து வந்தவரை சிக்கனமாக இருந்த குடும்பம், குழாய் வந்த பிறகு பல மடங்கு தண்ணீர் செலவழிக்கும். அதில் தவறில்லை, அதற்காகத்தானே குழாய். ஆனால் அந்த வீட்டின் செப்டிக் டேங்க் பழைய அளவுக்குக் கட்டப்பட்டது. உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண் ஊறிப்போய், அதற்குமேல் உறிஞ்ச மறுக்கிறது. கழிவுநீர் தெருவுக்கு வருகிறது, கிணற்றுக்குள் கசிகிறது. நோய் போக்குவதற்காகக் கொண்டுவந்த தண்ணீர், நிலத்தடி நீரைக் கெடுத்துவிடுகிறது. கையில் உள்ள பணம் இரண்டுக்கும் போதாது என்றால் வேலையைக் கட்டம் கட்டமாகச் செய்யலாம். திட்டமிடுவது மட்டும் ஒரே நேரத்தில், ஒரே வரைபடத்தில் நடக்க வேண்டும்.

ஒரே வரைபடம் என்றதும் இரண்டு குழாயையும் ஒரே பள்ளத்தில் அருகருகே போட்டால் தோண்டும் செலவு மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். இரண்டுக்கும் இடையே பக்கவாட்டில் ஏறத்தாழ 3 மீட்டர் இடைவெளி விடுவதும், குறுக்கிடும் இடத்தில் குடிநீர்க் குழாயைச் சாக்கடைக்கு மேலே குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரத்தில் கொண்டுபோவதும் நல்ல நடைமுறை. தண்ணீர் நிறுத்தப்படும் நேரத்தில் குடிநீர்க் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது சிறு விரிசல் இருந்தாலும், சுற்றியுள்ள மண்ணில் இருப்பதை அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வாட்டத்தை மறந்து போடும் மதிப்பீடு

குடிநீரை அழுத்தம் கொடுத்து மேட்டுக்கும் ஏற்றலாம். கழிவுநீர் வாட்டத்தில், அதாவது குழாயின் சரிவில், தானாக ஓட வேண்டும். மணலும் கசடும் குழாயின் அடியில் தங்காமல் இருக்க, ஓட்டம் வினாடிக்கு 0.6 மீட்டராவது இருக்க வேண்டும். 200 மில்லிமீட்டர் குழாய்க்கு இது ஏறத்தாழ 250-க்கு 1 என்ற வாட்டம்.

இந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். 250 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 4 மீட்டர். தரை சமதளமாக இருந்தால், 1 மீட்டர் ஆழத்தில் தொடங்கிய குழாய் ஒரு கிலோமீட்டர் தள்ளி 5 மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஐந்து மீட்டர் பள்ளம் என்பது ஆள் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. மண் சரியாமல் இருபுறமும் பலகை கொடுத்து முட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் உள்ளே இறங்கியவரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. நிலத்தடி நீர் மேலே இருந்தால் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். பாறை வந்தால் உடைக்க வேண்டும். குறுகிய தெருவில் ஓரத்து வீட்டுச் சுவர் விரிசல் விடக்கூடும். ஆழம் இரண்டு மடங்கானால் செலவு இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. மண் பரிசோதனையும் தெருத்தெருவாக மட்ட அளவையும் செய்யாமல் "ஒரு மீட்டருக்கு இவ்வளவு" என்று மேலோட்டமாகப் போட்ட மதிப்பீடு இங்கேதான் கவிழும்.

ஆழத்தைத் தவிர்க்க இடையில் கழிவுநீரேற்று நிலையம் கட்டலாம். ஆனால் அது ஒருமுறைச் செலவு அன்று. மின்கட்டணம், ஜெனரேட்டர், டீசல், மாற்று பம்பு, ஆள் என்று ஊர் இருக்கும் வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் ஓடாமல் சில மணி நேரம் கடந்தால், தொட்டி நிரம்பிக் குழாய் வழியே பின்னோக்கி ஏறும். தெருவிலேயே தாழ்வாக உள்ள வீட்டின் கழிவறையில்தான் அது முதலில் பொங்கும். பெரும்பாலும் அது ஏழை வீடாகத்தான் இருக்கும். திட்டத்தில் எத்தனை ஏற்று நிலையங்கள், மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

எதற்கும் இருக்கட்டும் என்று குழாயைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போடுவதும் தவறே. பெரிய குழாயில் கொஞ்சம் நீர் மெல்லிய படலமாக ஊர்ந்து போகும், கசடு தங்கும். எதிர்கால வளர்ச்சிக்கு இடம் வைக்க வேண்டியது சுத்திகரிப்பு நிலையத்தில். மூன்று அலகுகளுக்கு நிலத்தை வாங்கி வைத்துவிட்டு ஓர் அலகை மட்டும் இப்போது கட்டலாம். முப்பது ஆண்டுகள் கழித்து வரப்போகிறவர்களுக்கான கொள்ளளவை இன்றே கட்டினால், அதன் கடனை இன்று இருப்பவர்களே சுமக்க வேண்டும்.

வேறு வழியே இல்லை என்று நினைப்பது

வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் பாதாளச் சாக்கடை பொருந்தாமல் போகலாம். சரியாகக் கட்டி, முறைவைத்துக் கசடு அகற்றி, அந்தக் கசடைச் சுத்திகரிக்கவும் ஏற்பாடு இருந்தால் செப்டிக் டேங்க் கௌரவமான தீர்வுதான். நெருக்கமான குடியிருப்புகளுக்கும் மாற்று உண்டு. பிரேசிலின் வடகிழக்கில் 1980களில் தொடங்கி, பின்னர் தலைநகர் பிரேசிலியாவிலும் பரவிய ஒரு முறையில், சிறிய குழாய்கள் நடைபாதை ஓரமாகவோ வீட்டுத் தோட்டங்கள் வழியாகவோ ஆழமில்லாமல் போகின்றன. வாகனங்களின் பாரம் மேலே விழாததால் ஆழம் குறைகிறது, செலவும் குறைகிறது. கராச்சியின் ஒராங்கியில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டத்தில், சந்துக்குள் ஓடும் குழாயை அந்தச் சந்துக் குடும்பங்களே பணம் திரட்டிப் போட்டன. பெரிய வாய்க்கால்களும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று வேலை பிரிக்கப்பட்டது. இத்தகைய முறைகளுக்கு அண்டை வீட்டாரின் ஒத்துழைப்பு வேண்டும். அது இல்லாத தெருவில் இவை நிலைக்காது.

கடனும் இணைப்பும்

இப்போது பணம். 100 பங்கு கடனை 5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளில் அடைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 பங்கு கட்ட வேண்டும், மொத்தம் 160. அதையே 30 ஆண்டுகளுக்கு நீட்டினால் ஆண்டுக்கு 6.5 பங்கு, மொத்தம் 195. மாதத் தவணை குறையும், மொத்தச் சுமை கூடும். எது சரி என்பது எதற்காகக் கடன் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. நன்றாகப் பதித்த குழாய் 50 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும், அதற்கு நீண்ட காலக் கடன் நியாயம். 15, 20 ஆண்டுகளில் தேய்ந்துவிடும் பம்பை 30 ஆண்டுக் கடனில் வாங்கினால், பழைய பம்புக்குத் தவணை கட்டிக்கொண்டே புதிய பம்புக்கும் கடன் தேட வேண்டிவரும். அதனால் முதல் ஆண்டிலிருந்தே கட்டணத்தில் ஒரு பகுதியை, தேய்ந்ததை மாற்றுவதற்கான நிதியாகத் தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும். மானியத்தில் கட்டிய திட்டத்துக்கும் இது பொருந்தும். மானியம் கட்டித்தரும், மாதாமாதம் மின்கட்டணம் கட்டாது.

அடுத்தது, திட்ட அறிக்கைகளில் நான் மிகவும் அஞ்சும் வரி: "அனைத்து வீடுகளும் இணைப்புப் பெறும்." ஆயிரம் வீடுகளை நம்பிக் கடன் வாங்கி, 600 வீடுகள் மட்டும் சேர்ந்தால், சேர்ந்த ஒவ்வொரு வீட்டின் கடன் பங்கும் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். கட்டணம் ஏறியதைப் பார்த்து மீதி வீடுகள் இன்னும் தயங்கும். ஏன் சேரவில்லை என்று விசாரித்தால் காரணம் பிடிவாதமாக இருப்பதில்லை. தெருக்குழாய் வாசல் வரை வந்துவிட்டது. ஆனால் கழிவறை வீட்டின் பின்புறம். தரையை உடைத்து, குழாயை முன்பக்கம் கொண்டுவந்து, பழைய தொட்டியைக் காலிசெய்து மூடி, மீண்டும் தரை போட வேண்டும். இந்தச் செலவு எந்த மதிப்பீட்டிலும் இல்லை, முழுவதும் வீட்டுக்காரர் தலையில். வீட்டு இணைப்பையும் திட்டச் செலவில் சேருங்கள். இயலாவிட்டால் தவணையில் செலுத்த வழி செய்யுங்கள். இணைப்பில்லாத சாக்கடை, மண்ணுக்குள் புதைத்த பணம்.

புரியாத கடனை வாங்குவது இன்னொரு ஆபத்து. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜெஃபர்சன் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகம்), சாக்கடைகளைச் சீரமைப்பதாக 1996-இல் நீதிமன்ற உடன்படிக்கைக்கு வந்தது. வேலைக்காக வாங்கிய கடன் 300 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதியை வட்டி மாறும் கடனாகவும் சிக்கலான வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களாகவும் மாற்றினார்கள். 2008 நிதி நெருக்கடியில் வட்டி எகிறியது. லஞ்ச வழக்குகளில் அதிகாரிகளும் ஒப்பந்ததாரர்களும் தண்டிக்கப்பட்டார்கள். 2011 நவம்பரில் அந்தக் கவுன்டியே திவாலானதாக அறிவித்தது. சாக்கடைக் கட்டணம் மட்டும் இறங்கவில்லை. வட்டி நிலையானதா, மாறுமா, எவ்வளவு வரை மாறும் என்பதைச் சாதாரண மொழியில் விளக்க முடியாத கடனை மறுத்துவிடுங்கள்.

தள்ளிப்போடுவதும் திடீரென்று ஏற்றுவதும்

கலிபோர்னியாவின் லாஸ் ஓசோஸ் என்ற சிற்றூரில் செப்டிக் டேங்குகளால் நிலத்தடி நீரில் நைட்ரேட் சேர்ந்ததால், 1983-இலேயே நீர் வாரியம் அந்தக் கழிவுநீர் வெளியேற்றத்துக்குத் தடை கொண்டுவந்தது. சாக்கடை வேண்டும் என்பது அன்றே தெளிவு. சுத்திகரிப்பு நிலையத்தை எங்கே கட்டுவது, யார் எவ்வளவு கொடுப்பது என்ற சண்டை பல ஆண்டுகள் நீண்டது. 2005-இல் வேலை தொடங்கியதும், நிர்வாகக் குழுவில் மூவரை மக்கள் வாக்களித்துத் திரும்பப் பெற்றார்கள், வேலை நின்றது. அடுத்த ஆண்டு அந்த நிர்வாக அமைப்பு திவாலானது. கவுன்டி பொறுப்பேற்று, நிலையம் இயங்கத் தொடங்கியது 2016-இல். எதிர்த்தவர்களை மட்டும் நான் குறைசொல்ல மாட்டேன். இடத்தையும் கட்டணத்தையும் பற்றிய பேச்சு வரைபடம் போடும் முன்பே நடந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு, சேவை மேம்படும் முன்பே கட்டணத்தை ஒரேயடியாக ஏற்றுவது. பொலிவியாவின் கோச்சபம்பாவில் 1999-இல் தனியாருடன் ஒப்பந்தம் போடப்பட்டு, 2000 தொடக்கத்தில் கட்டணம் கடுமையாக உயர்ந்தது. ஊரே தெருவில் இறங்கியது, ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. ஆனால் கட்டணமே வேண்டாம் என்பது ஏழைகளுக்கு நன்மை ஆகாது. குழாய் எட்டாத குடும்பம் லாரித் தண்ணீரை அதைவிட அதிக விலைக்கு வாங்குகிறது. 1993-இல் கம்போடியாவின் நோம்பென் நகரில் 72 சதவீதத் தண்ணீர் கசிவிலும் திருட்டிலும் கணக்கில்லாமல் போனது. நகரக் குடிநீர் ஆணையத் தலைவர் எக் சோன் சான் தலைமையில் மீட்டர் பொருத்தி, செல்வாக்குள்ளவர்களிடமும் பாக்கியை வசூலித்து, கசிவுகளை அடைத்து, அதைப் பத்து சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். கட்டணம் வசூலானது, சேவை ஏழைகளின் தெருக்களுக்கும் போனது.

ஆளையும் பரிசோதனையையும் வெட்டுவது

பணம் இறுகும்போது முதலில் வெட்டப்படுவது இயக்குபவரின் பயிற்சியும் நீர்ப் பரிசோதனையும். கனடாவின் வாக்கர்ட்டனில் 2000 மே மாதம் குடிநீரில் ஈ. கோலை என்ற பாக்டீரியா கலந்து 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் அளவில் நோயுற்றார்கள். குளோரின் அளவை நாள்தோறும் ஒழுங்காக அளந்திருந்தாலே பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் செலவைக் குறைக்க 2014-இல் நீர் ஆதாரத்தை மாற்றியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் சிகிச்சையைச் செய்யவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் குழந்தைகள் குடிக்கும் தண்ணீருக்குள் இறங்கியது.

பள்ளத்தை மூடும் முன் செய்ய வேண்டிய சோதனையும் இதே வகை. இரண்டு ஆள்நுழை குழிகளுக்கு இடையில் குழாயின் வாயை அடைத்து, நீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ரப்பர் வளையம் மடங்கி உட்கார்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அவசரத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டால், அந்த இணைப்பு வழியாக மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உள்ளே புகும். அந்த நல்ல நீரையும் காசு கொடுத்து இறைத்துச் சுத்திகரிப்பீர்கள், குழாயின் ஆயுள் முழுக்க. மழைநீர்க் குழாயைச் சாக்கடையில் இணைக்கும் வீடுகளாலும் இதே இழப்புதான்.

கடைசித் தவணையை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் முன், பதித்தபடியே வரைந்த வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். திட்ட வரைபடம் போதாது. பாறை குறுக்கிட்டதால் குழாய் திரும்பிய இடம், வால்வு புதைந்த இடம், ஒவ்வொரு வீட்டு இணைப்பின் ஆழம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு தெருக்களில் நடந்து, அது காட்டும் இடத்தில் ஒரு வால்வு மூடியைத் திறந்து பாருங்கள். வால்வு அங்கே இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.