பேட்டரி இறங்கிப் பூட்டிக்கொண்ட காரைத் திறந்தது: என் அனுபவம்

ரிமோட்டை அழுத்தினால் அதிலுள்ள சின்ன விளக்கு எரிகிறது, ஆனால் கார் கதவு திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் கார் பேட்டரிதான் இறங்கியிருக்கும். விளக்கே எரியாவிட்டால் முதலில் ரிமோட்டின் பட்டன் செல்லை (பலவற்றில் சி.ஆர்.2032) மாற்றிப் பாருங்கள்.

ஸ்மார்ட் கீயின் (அதாவது அந்த ரிமோட்டின்) பக்கவாட்டுப் பொத்தானைத் தள்ளி இழுத்தால் உள்ளேயிருந்து இரும்புச் சாவி வரும். டிரைவர் கதவுக் கைப்பிடியில் சாவித்துளை தெரியவில்லையா? கைப்பிடி ஓரத்து மூடியின் அடியில் சிறு பிளவு இருக்கும். சாவி நுனியை அதில் விட்டு மெதுவாக நெம்புங்கள். மூடி கழன்று வரும். அதை பத்திரப்படுத்துங்கள், தொலைத்தால் தனியாக வாங்க வேண்டும்.

வருடக்கணக்கில் தொடாத பூட்டு இறுகியிருக்கும். முறுக்கினால் மெல்லிய சாவி உடைந்துவிடும். கிராஃபைட் பொடி ஊதி, முன்னும் பின்னுமாக அசைத்தால் இளகும். எண்ணெய் வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும். கண்ணாடி இடுக்கில் ஸ்கேல் விடுவதும் வேண்டவே வேண்டாம். கதவுக்குள் ஒயர்கள் ஓடுகின்றன.

கதவு திறந்ததும் பானெட்டைத் திறங்கள். அதன் லீவர் கம்பியால் இயங்குவது, மின்சாரம் தேவையில்லை. இன்னொரு காரின் நல்ல பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க உதவும் ஜம்பர் கேபிளை மாட்டும் வரிசை: சிவப்பை இறங்கிய பேட்டரியின் பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில், கறுப்பை நல்லதன் மைனஸில், கடைசி முனையை பேட்டரி இறங்கிய காரின் எஞ்சின் இரும்பில். பேட்டரி மேலேயே மாட்டினால் தீப்பொறி பறந்து, அங்கே கசியும் ஹைட்ரஜன் பற்றலாம். இணைத்ததும் அலாரம் அலறினால் ரிமோட்டில் அன்லாக் அழுத்துங்கள். ஸ்டார்ட் ஆனபின் பேட்டரியில் வைத்த வோல்ட் மீட்டரில் 13.5 முதல் 14.5 வோல்ட் காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) பாருங்கள்.