கரும்புத் தோட்டத்து வீட்டில் சிக்னல்: பணம் போடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில், ஸ்டேஞ்சர் ஊருக்கு உள்பக்கம், கரும்புக் காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு வீட்டுக்கு ஆன்டெனா மாட்டப் போயிருந்தேன். வீட்டுக்கார அக்காவின் பேத்திக்குச் சனிக்கிழமை காலையில் இணையவழித் தமிழ் வகுப்பு. "ஆகஸ்ட்ல நல்லாத்தான் வந்துச்சு தம்பி, இப்ப டீச்சர் முகமே தெரியல. டவர்ல ஏதோ கோளாறு" என்றார். ஜன்னலைத் திறந்தேன். ஆகஸ்டில் வெட்டிய கரும்பு மறுபடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, ஜன்னலை முழுக்க மறைத்து நின்றது. மழையில் நனைந்த தோகை வேறு. சிம் போட்டு ஓடும் ரௌட்டர் அந்த ஜன்னல் திட்டில்தான் இருந்தது. டவர் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

அதற்குள் அக்கா சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டரும் புது சிம்மும் வாங்கி 2,000 ராண்டுக்கு மேல் செலவழித்திருந்தார். ஊர்ப்புறத்தில் நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள் இந்த வகைதான். குறை எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே பணம் கையை விட்டுப் போய்விடுகிறது.

முதலில் அந்தக் கட்டங்களை நம்புவதை விடுங்கள். கைப்பேசியின் மூலையில் தெரியும் நான்கு கட்டங்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. உண்மையான அளவு டிபிஎம் (dBm) என்ற அலகில் வரும் எண்ணில் இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலவரத்தைத் திறந்தால் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று அழைத்தால் வரும். எண் மைனஸில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 90 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 110 என்றால் தடுமாற்றம், மைனஸ் 120 என்றால் அறுந்துபோகும் தறுவாய். 10 குறைந்தால் சிக்னலின் பலம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. அதனால் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே 15 வித்தியாசம் இருந்தால் அது சின்ன விஷயமே இல்லை.

அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் கூரைதான் காரணம். இங்கே பழைய தோட்டத்து வீடுகள் பலவற்றுக்கும் துத்தநாகம் பூசிய தகரக் கூரைதான். தகரம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். அதற்குக் கீழே, ஃபிரிட்ஜ் மேலேயோ கண்ணாடி அலமாரிக்குள்ளேயோ ரௌட்டரை வைத்தால் என்ன ஆகும்? அந்த அக்கா வீட்டில் நான் முதலில் செய்தது ஒன்றுதான். ரௌட்டரை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். கரும்புப் பக்க ஜன்னலில் மைனஸ் 114. பாதை தெரியும் பக்கத்து அறையில், ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை அடித்து வைத்ததும் மைனஸ் 101. பத்து நிமிட வேலை, ஒரு பலகை, இரண்டு ஆணி.

சரி, சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் இல்லை என்றால்? இங்கேதான் பலர் ஏமாந்து ஆன்டெனா வாங்குகிறார்கள். காலை ஐந்து மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை வேகத்தை அளந்து பாருங்கள். காலையில் பறந்து இரவில் நகராமல் நின்றால், உங்கள் டவரில் ஆள் கூட்டம் அதிகம், அல்லது டவரிலிருந்து வெளியே போகும் இணைப்பு போதவில்லை. ஊர்ப்புறத்து டவர்கள் பலவற்றுக்கு ஃபைபர் கேபிள் கிடையாது. மைக்ரோவேவ் தட்டு மூலம் ரேடியோ அலையாக அடுத்த குன்றில் இருக்கும் டவருக்கு அனுப்பி, அது இன்னொன்றுக்கு அனுப்பி, அப்படித்தான் நகரத்துக்குப் போய்ச் சேரும். இதற்கு எந்த ஆன்டெனாவும் மருந்து இல்லை. வேறு நெட்வொர்க்கின் சிம்மைப் பக்கத்து வீட்டில் ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

ஆன்டெனா உதவும் இடங்களும் உண்டு. ஆனால் பாதி வீடுகளில் அதைத் தவறாக மாட்டியிருக்கிறார்கள். 20 மீட்டர் மெல்லிய கேபிள் இழுத்தால், ஆன்டெனா பிடித்த சிக்னலைக் கேபிளே தின்றுவிடும். ஆன்டெனாவுக்கு நேர் கீழே ரௌட்டரை வைத்து, அங்கிருந்து நெட்வொர்க் கேபிள் இழுங்கள். இரண்டு முனை உள்ள ஆன்டெனாவில் ஒன்றை மட்டும் சொருகிவிட்டு மற்றதைத் தொங்கவிடாதீர்கள். பூஸ்டர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்: நம் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசாவின் (ICASA) ஒப்புதல் இல்லாத பூஸ்டரைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். அது இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவருக்கே அனுப்பும். உங்களுக்குக் கொஞ்சம் கிடைக்கலாம், சுற்றியிருக்கும் நாலு வீட்டுக்கு வேகம் போய்விடும். அக்காவிடம் அதைக் கழற்றச் சொன்னேன். மனசில்லாமல்தான் கழற்றினார்.

செயற்கைக்கோள் தட்டு விஷயத்திலும் இதே எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க்கை இங்கே விற்பதற்கோ பயன்படுத்துவதற்கோ உரிமம் கொடுக்கவில்லை என்று 2023 நவம்பரில் ஐகாசா அறிவித்தது. பக்கத்து நாட்டுப் பதிவில் தட்டு வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன், இன்றைய நிலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் மின்சாரம். 2022, 2023 இல் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனபோது, டவர் பேட்டரிகள் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். பேட்டரியையே திருடிக்கொண்டு போன டவர்களும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணத்தில் நூற்றுக்கணக்கான டவர்கள் செயலிழந்தன. மின்சாரமும் ஃபைபரும் அறுந்ததுதான் முக்கியக் காரணம். அதனால் 'திடீரென்று சிக்னல் போச்சு' என்று புகார் கொடுக்கும் முன், அந்த நேரத்தில் கரண்ட் இருந்ததா என்று குறித்து வையுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் எதிர்முனையில் இருப்பவருக்குப் பேட்டரியா வேறு கோளாறா என்று உடனே புரியும்.

ஊராகச் சேர்ந்து டவர் கேட்பவர்கள் செய்யும் தவறு வேறு வகை. "எங்கள் பக்கம் கவரேஜே இல்லை" என்று கடிதம் எழுதுவார்கள். கம்பெனி தன் வரைபடத்தைக் காட்டும். அந்த வரைபடம் கணினி கணித்தது, அதுவும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நின்றால் கிடைக்கும் சிக்னலுக்கு. '99 சதவீதம் கவரேஜ்' என்பதும் மக்கள்தொகைக் கணக்கு, நிலப்பரப்புக் கணக்கு இல்லை. ஆட்கள் நெருக்கமாக இருக்கும் நகரங்களை எட்டினாலே அந்த எண் ஏறிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முப்பது வீடு அதில் தெரியாது. எனவே வார்த்தைக்குப் பதில் எண்ணோடு போங்கள். எந்த வீடு, எந்த நேரம், எந்த நெட்வொர்க், எத்தனை டிபிஎம், வேகம் எவ்வளவு என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதினால் போதும். 2022 மார்ச்சில் அலைவரிசை ஏலத்தில் எடுத்த கம்பெனிகளுக்கு, பொதுப் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் இணைக்க வேண்டும் என்ற கடமையும் சேர்த்தே விதிக்கப்பட்டது. உங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரைக் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். பதில் வராவிட்டால், கம்பெனி கொடுத்த புகார் எண்ணோடு ஐகாசாவிடம் போகலாம். எண் இல்லாமல் போனால் திரும்பவும் கம்பெனிக்கே அனுப்புவார்கள்.

கம்பெனி வரவே மாட்டேன் என்றால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். கிழக்குக் கேப்பில் மன்கோசி என்ற ஊரில், வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு ஊர்மக்களே கூட்டுறவாகச் சேர்ந்து ஜென்ஸெலெனி என்ற நெட்வொர்க்கை நடத்துகிறார்கள். க்ஷோசா மொழியில் அந்தப் பெயருக்கு 'நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று பொருள். வீட்டுக் கூரைகளிலேயே வைஃபை கருவிகளை வைத்து, சூரிய ஒளியில் ஓட்டத் தொடங்கினார்கள். அவர்கள் செய்ததை நாம் அப்படியே செய்ய முடியாமல் போகலாம். ஆனால் நம் பக்கம் ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு கமிட்டி ஏற்கெனவே இருக்கிறது. காவடிக்குக் கணக்கு எழுதும் அதே நோட்டில் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். அந்த அக்காவின் ஊர்க் கமிட்டி அதில் எழுத ஆரம்பித்துவிட்டது. நான் கடைசியாகப் பார்த்தபோது பதினோரு வீட்டின் அளவுகள் இருந்தன.